கூனியின் ரசிகை

திருமால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அவர் முடிவுக்கு வருவதே அபூர்வம். வந்தாலும் அந்த வீட்டில் அதற்கு மரியாதை இருந்ததில்லை. அதனால் இந்த முறை முடிவை வீட்டில் சொல்லப் போவதில்லை என்பதையும் சேர்த்தே முடிவு செய்திருந்தார்.

கொல்லைமேட்டுப் புளியமரத்தை விற்பது. புல்லட் வாங்குவது. இவ்வளவுதான் முடிவு.

இண்டூர் கடைத்தெருவில் பழைய மொபெட்டில் போகும்போது பின்னால் புல்லட் சத்தம் கேட்டால் திருமால் ஓரம் ஒதுங்கி நின்றுவிடுவார். வண்டி போய், சத்தமும் போய், பின்னால் நிற்கிற பஸ்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் நகர்வார். மரமோ மூன்று வருஷமாகச் சரியாகக் காய்க்கவில்லை. அதன் நிழலில் ராகியும் எழும்பவில்லை. மர வியாபாரி சென்னப்பன் வந்து அடிமரத்தைக் கட்டிப்பிடித்துப் பார்த்து, "கறிக்கடை கட்டைக்கு இத விட நல்ல மரம் ஜில்லாவுலயே கெடைக்காதுங்க" என்று நெகிழ்ந்து போயிருந்தான்.

இடைஞ்சல் ஒன்றுதான். நிலம் மனைவி பானுமதியின் பேரில் இருந்தது. அவள் அப்பா கொடுத்த நிலம். மரத்துக்குப் பேர் வைத்தவரும் அவர்தான். அந்தப் பக்கத்தில் சில வீடுகளில் மாட்டுக்குப் பேர் வைப்பது போலப் புளியமரத்துக்கும் வைப்பார்கள். எந்த மரத்துப் புளி ரசத்துக்கு, எது குழம்புக்கு என்று சொல்ல அது வசதி. இந்த மரம் முதுகு வளைந்து நிற்பதால் இதற்குப் பேர் கூனி. வீட்டுக்குள் மட்டும் புழங்குகிற பேர் அது. வெளியாட்களுக்கு அது வெறும் புளியமரம்.

விற்கலாமா என்று ஒரு முறை ஜாடையாகக் கேட்டுப் பார்த்தார்.

"மொதல்ல என்ன வித்துடுங்க" என்றாள் பானுமதி. பேச்சு அதோடு முடிந்தது.

அவள் ஊரில் இல்லாத ஒரு நாளில் காரியத்தை முடித்துவிடலாம் என்று திருமால் காத்திருந்த நேரத்தில்தான் ஓசூரிலிருந்து மகள் சுமலதா வந்தாள். வந்தவள் அம்மாவுக்கு ஒரு நல்ல போனைக் கொடுத்துவிட்டுப் போனாள். மறுநாள் விடிந்தும் விடியாததுமாகப் பானுமதி கொல்லைமேட்டில் நின்றாள். போனைத் தூக்கிப் பிடித்தாள். மரத்தைப் படம் எடுத்தாள். அதற்கு மறுநாளும் எடுத்தாள். அதே மரம். அதே பக்கம்.

திருமால் அடுப்படிக்கே போய்க் கேட்டுவிட்டார்.

"எதுக்கு பானு அதையே எடுக்கற?"

"பாக்கறதுக்கு."

"தெனமும் பாக்கற மரந்தான?"

"தெனமும் பாத்தேன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். போன்ல வெச்சு பாத்தப்பதான், இத்தினி வருசமா பாக்கவேயில்லைன்னு தெரிஞ்சுது."

"போட்டோ எடுக்கணும்னா ஒகேனக்கல் போலாமே. அருவி இருக்குது, பரிசல் இருக்குது."

"அங்க எல்லாரும் எடுக்கறாங்க. கூனிய யாரு எடுக்கறாங்க?"

இதில் உள்குத்து இருக்கிறதா என்று திருமால் அவள் முகத்தை ஆராய்ந்தார். அவள் ராகி மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். மாவு கரைப்பவளின் முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இண்டூரில் செல்போன் கடை வைத்திருக்கும் மாது சந்தேகத்துக்கு உரம் போட்டான். "தெனம் ஒரே மரத்த எடுக்கறாங்கன்னா சும்மா இல்லீங்கண்ணா. மரம் உசுரோட நின்னதுக்கு சாட்சி சேக்கறாங்க. நாளைக்கு மரம் இல்லைன்னா உங்களத்தான் கேப்பாங்க."

"அவளுக்கு எப்படிடா தெரியும்? சென்னப்பன் சொல்லிருப்பானா?"

"தெரிஞ்சிருக்குதா இல்லியான்னு தெரிஞ்சிக்கலாம். அக்கா படத்த எல்லாம் பேஸ்புக்ல போடறாங்க. நீங்களும் உள்ள பூந்துடுங்க. ஆனா உங்க பேர்ல வேணாம்."

இப்படித்தான் ஏற்காடு விமலா பிறந்தாள். ஓய்வு பெற்ற ஆசிரியை. இயற்கையை நேசிப்பவள். முகப்பில் ஒரு செம்பருத்திப் பூ. பெண் பேரில் போனால்தான் பானுமதி மனம்விட்டுப் பேசுவாள் என்பது மாதுவின் யோசனை. ஆசிரியை என்பது திருமாலின் யோசனை. ஏழாம் வகுப்போடு நின்ற மனுஷர், ஆசையை இங்கே தீர்த்துக்கொண்டார்.

முதல் நாள் கூடத்தில் உட்கார்ந்து 'அருமை' என்று தட்டினார். அடுப்படியில் டிங் என்றது. திருமால் போனை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார். அதிலிருந்து விமலா மோட்டார் ரூமிலிருந்து மட்டுமே எழுதினாள்.

'இந்த மரத்தில் கோடாலி வைக்க நினைப்பவன் மனிதனே இல்லை' என்று எழுதித் தூண்டில் போட்டார். மரத்தை யாராவது வெட்டப் பார்க்கிறார்களா என்று அவள் கொட்டிவிடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் 'ஆமாங்கக்கா' என்று மட்டும் பதில் போட்டாள்.

'உங்கள் கணவர் எப்படி?' என்று அடுத்த தூண்டில்.

'நல்ல மனுசந்தான் அக்கா. எதையாச்சும் மறைச்சா மட்டும் மூஞ்சி வெளக்கெண்ண குடிச்ச மாதிரி ஆயிடும்.'

திருமால் மோட்டார் ரூம் ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். இருக்கலாம் என்றுதான் தோன்றியது.

பதிலுக்கு விமலா எழுதினாள். 'என் கணவர் தங்கமான மனிதர். வெகுநாளாக ஒரு புல்லட் வேண்டும் என்று ஆசைப்பட்டார். வாங்கிக் கொடுத்தேன். அன்று முதல் எங்கள் வீட்டில் சண்டையே இல்லை.' எழுதிவிட்டு, இதைவிட நாசூக்காக யாரும் எழுத முடியாது என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

ஆனால் ஒரு புது வேதனை ஆரம்பித்தது. சோறு போடும்போதெல்லாம் பானுமதி விமலாவின் புராணத்தைப் பாடினாள்.

"விமலாக்கா என்னா அழகா எழுதறாங்க தெரியுங்களா? 'வெயிலுக்கு ஒதுங்கியவர்களிடம் மரம் ஒருபோதும் பேர் கேட்பதில்லை'ன்னு போட்டிருக்காங்க. நீங்க கட்டிகிட்ட நாள்ல இருந்து எங்கிட்ட என்னா சொல்லிருக்கீங்க? உப்பு பத்தல. அவ்ளோதான்."

"அந்தம்மாவுக்கு வேற வேல இல்ல போல."

"பொறாமைங்க உங்களுக்கு."

உண்மையிலேயே பொறாமைதான். யார் மேல் என்று சொல்ல முடியாததுதான் கொடுமை.

ஒரு பனிக்காலைப் படம் வந்தது. வழக்கம்போல எதையாவது தட்டிவிட்டுப் போக நினைத்தவர், கையை எடுத்துவிட்டார். தூரத்து மலை பாதி மறைந்திருந்தது. மரம் மட்டும் தலை நனைந்து, கிளைகளைத் தொங்கவிட்டு நின்றது. அதைக் கூறுபோட்டுக் கறிக்கடையில் வைத்துப் பார்த்த மனசு கொஞ்சம் கூசியது. இவ்வளவு அழகான ஒன்றை மொபெட் ஸ்டாண்ட் போடுகிற இடமாக மட்டுமே இத்தனை காலம் பார்த்திருக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. உணர்ச்சி வேகத்தில் விமலா எழுதினாள். 'நேற்று வெயிலில் வாடிப்போன கூனி இன்று பனியில் தலைக்குக் குளித்துவிட்டு நிற்கிறாள்.'

அன்று மட்டும் பதில் வர நேரமானது. பிறகு ஒரு சிவப்பு இதயம் வந்தது. பக்கத்திலேயே ஒரு சிரிக்கும் மூஞ்சியும் வந்தது.

திருமால் வெளியே வந்து மரத்தடியில் நின்றார். விற்க வேண்டாமோ என்று நினைத்தார். அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு புல்லட் போய்த் தொலைத்தது.

அதற்குப் பிறகு பானுமதி தனியாகச் சிரிக்க ஆரம்பித்தாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது சிரித்தாள். ஏன் என்று கேட்டால், "விமலாக்காவ நெனச்சேன்" என்றாள். இனி தாமதித்தால் ஆபத்து என்று திருமாலுக்குப் பட்டது. விமலாவின் கடைசி வேலை நடந்தது.

'தங்கையே, ஒரே மரத்தை எடுத்தால் கண் சோர்ந்துவிடும். நான்கு நாள் வெளியூர் போய் வேறு ஏரி, வேறு பாறை எடுங்கள். உறவினர் யாரும் இல்லையா?'

'காரிமங்கலத்துல தங்கச்சி எழிலரசி இருக்கா அக்கா. நீங்க சொன்னா செரியாதான் இருக்கும். திங்கக்கெழம போறேன்.'

இவ்வளவு சுலபமாகவா? திருமாலுக்கு அதிலும் சந்தேகம்தான். ஆனால் திங்கள் காலை அவள் பையோடு கிளம்பினாள். காரிமங்கலம் வரை வர முடியாததற்கு முழங்கால் வலியைக் காரணம் சொல்லி முனகிக்கொண்டே அவரும் பஸ் நிறுத்தம் வரை போனார். அவள் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தாள். பஸ் வளைவில் மறையும் வரை நின்று பார்த்துவிட்டு, வலியை அங்கேயே விட்டுவிட்டுச் சென்னப்பனுக்குப் போன் போட்டார்.

சென்னப்பன் ரம்பம், கயிறு, இரண்டு ஆட்களோடு குட்டியானை வண்டியில் வந்தான். திருமால் முன்னால் நடந்தார். நடையில் அப்போதே புல்லட் ஓட்டுகிற தோரணை வந்திருந்தது. மேட்டில் ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார்.

கூனியின் இடுப்பில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. அடியில் மூன்று கல் வைத்துப் பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தது. மகளிர் குழுப் பெண்கள் அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பானுமதி.

"நீ... பஸ்ல போனியே?"

"அடுத்த ஸ்டாப்புல எறங்கி வரப்பு மேலயே வந்துட்டேங்க. முழங்கால் வலி எப்டி இருக்குது?"

"பரவால்ல."

"ரம்பம் எதுக்குங்க?"

திருமாலின் முகம் விளக்கெண்ணெயை நோக்கிப் போனது. "காஞ்ச கெளையெல்லாம் கழிச்சு வுட்டா மரத்துக்கு நல்லதாச்சேன்னு..."

"நானே நெனச்சேன். எம்மேல உங்களுக்கு எவ்ளோ அக்கற. ஏங்க சென்னப்பண்ணா, இந்த மரத்துல கோடாலி வெக்க நெனக்கறவன் மனுசனே இல்லைன்னு பெரியவங்க ஒருத்தங்க சொல்லிருக்காங்க. அதனால பாத்து, காஞ்சத மட்டும்."

சென்னப்பன் திருமாலைப் பார்த்தான். திருமால் மலையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் ஆட்கள் மரமேறிக் காய்ந்த குச்சிகளை ஒடித்துப் போட்டார்கள். பெண்கள் அதைப் பொறுக்கிப் பொங்கல் அடுப்பில் வைத்தார்கள்.

குழுவில் மூத்தவளான ராமக்கா பொறுமையிழந்தாள். "ஏ பானு, ஏற்காட்டு டீச்சரு மரத்த பாக்க வராங்க, நல்லபடியா வரவேற்கணும்னு காலைல இருந்து எங்கள உக்கார வெச்சிருக்கியே. அவங்க எங்க?"

திருமாலின் காதுக்குள் டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. போன் சத்தமில்லை.

"வந்துட்டாங்க ஆத்தா" என்றாள் பானுமதி. "டீச்சரம்மா ஒரு நாளு இந்த மரத்த கூனின்னு எழுதிட்டாங்க. அந்த பேரு எங்க வூட்ல எனக்கும் எம் மகளுக்கும் இவருக்குந்தான் தெரியும். எம் மக தமிழ்ல எழுத மாட்டா. நான் பேஸ்புக்ல அந்த பேர ஒரு நாளும் போட்டதில்ல."

பெண்கள் முதலில் திருமாலைப் பார்த்தார்கள். அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ராமக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சென்னப்பனுக்குப் பொத்திக்கொள்ள முந்தானை இல்லாததால் ரம்பத்தை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் ஓடினான்.

பானுமதி தட்டை எடுத்து வந்தாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள் கிழங்கு, குங்குமம், பச்சையில் ஒரு ரவிக்கைத் துணி. வீட்டுக்கு வந்த சுமங்கலிக்குக் கொடுப்பது போல இரண்டு கையாலும் நீட்டினாள். திருமால் சுற்றிலும் பார்த்தார். தப்பிக்க மோட்டார் ரூமும் தூரத்தில் இருந்தது. வாங்கிக்கொண்டார்.

"அடுத்த தடவ வர்றப்போ உங்க வூட்டுக்காரரையும் கூட்டிகிட்டு வாங்க விமலாக்கா" என்றாள் அவள். "புல்லட்லயே வாங்க."