கண்ணுக்குள் வைட்டமின் சுமக்கும் புரதமும் நிச்சயதார்த்தப் பிரியாணியும்

மரியாதைக்குரிய சம்பந்தி, சேவுகம்பட்டி சகாயராஜ் அவர்களுக்கு, திண்டுக்கல்லிலிருந்து சூசைமுத்து எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கு எல்லோரும் நலம். என் முகத்தைத்தான் வெளியில் காட்ட முடியவில்லை.

உங்கள் மகன் ரொனால்டுக்கும் என் மகள் ரீனாவுக்கும் நிச்சயம் நடந்து, நீங்கள் பிரியாணி விருந்து போட்ட அன்று, சொந்தக்காரர்களைப் பஸ் ஏற்றிவிட்டு உச்சி வெயிலிலிருந்து மண்டபத்துக்குள் நுழைந்தேன், திரையில் படம் போடுவதற்காக விளக்கையெல்லாம் அணைத்திருந்தார்கள், மற்றவர்களுக்குச் செத்த நேரத்தில் இருட்டு பழகிவிடும், எனக்கு வெகுநேரம் ஆகும், வெளியில் சொல்ல வெட்கப்பட்டு அதை மறைத்தே வந்திருக்கிறேன். சுவரைத் தடவிக்கொண்டு போனவன், வளையல் சத்தம் கேட்டு என் மனைவி அல்போன்சா என்று நினைத்து ஒரு கையைப் பிடித்து, "ஏன்டி, இந்தப் பிரியாணில கறியத் தேட இன்னும் ரெண்டு கண்ணு வேணும் போல. சம்பந்தி வேற மைக்கப் பிடிச்சா விடமாட்டேங்கிறாரு" என்றேன். கை வெடுக்கென்று போய்விட்டது. பார்வை தெளிந்தபோது பக்கத்தில் நின்றது உங்கள் வீட்டம்மா இன்னாசியம்மாள். அவர்கள் சிரிக்கவில்லை. அதன்பிறகு அவர்களிடமிருந்து போனும் இல்லை.

அல்போன்சா என்னை மதுரைக்குக் கண் டாக்டரிடம் இழுத்துப்போனாள். இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். "கேரட்டும் முருங்கைக்கீரையும் அம்புட்டுத் தின்னேனே டாக்டர்" என்றேன். "பெரியவரே, வைட்டமின் ஏ உள்ள போயிருது. விழித்திரையில அதப் பிடிச்சு வச்சு, கைமாத்தி விடுற புரதம் ஒண்ணு இருக்கு, அது உங்களுக்குச் சரியா அமையல. வெயில்ல இருந்து வந்தா கண்ணு மீள நேரமாகும்" என்றார். தாய் தகப்பன் ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்த குறையாம். ரீனாவுக்கு என்கிட்ட இருந்து பாதி வந்திருக்கும், அவ கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதாம். மாப்பிள்ளைகிட்டயும் அதே குறை பாதி இருந்தாத்தான் பேரப்பிள்ளைகளுக்குப் பயமாம். அவரையும் ஒரு சோதனை பார்க்கச் சொல்லுங்க. இதைக் கேட்டு நீங்க சம்பந்தமே வேண்டாம்னாலும் உங்களைக் குறை சொல்லமாட்டேன்.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஸ்தோத்திரமும் பிள்ளைகளுக்கு என் ஆசீரும். சம்பந்தியம்மாளிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும்.

தலைகுனிந்து,
சூசைமுத்து

பின்குறிப்பு: அல்போன்சா இப்போதுதான் கடைவீதியிலிருந்து வந்தாள். அன்று மருதாணி போட வந்த பேகம்பூர் அஃப்சானாவைப் பார்த்தாளாம். "அங்கிள் என் கையப் பிடிச்சு பிரியாணியத் திட்டுனாரு அக்கா" என்று அந்தப் பெண் சிரித்திருக்கிறாள். சம்பந்தியம்மாள் காதில் ஒன்றும் விழவில்லையாம், போன் வராததற்குக் காரணம் அவர்கள் செல்போன் ரிப்பேராம். கடிதத்தைக் கிழிக்கத்தான் எழுந்தேன். ஆனால் புரத விஷயத்தை மறைத்துப் பெண் கொடுக்க மனசு வரவில்லை. அதைமட்டும் எழுதினால் எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். சம்பந்தியம்மாளுக்குப் படித்துக் காட்டும்போது பிரியாணியைத் தாண்டிவிடுங்கள். மைக்கைப் பற்றிச் சொன்னதைத் தாண்டத்தான் உங்களுக்கு வழியில்லை.