இருபது நொடிக்காரர்

மனிதரில் இருபது நொடிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. எந்த ஊரிலும் கிடைப்பார். பாறசாலைப் பக்கத்தில் கிடைப்பவர், ஜங்ஷனில் லேப் வைத்திருக்கும் சுந்தரதாஸ்.

சிறுநீரில் முக்கிப் பார்க்கும் பட்டை வந்ததிலிருந்து அவருக்கு யோகம்தான். பட்டையில் நிறம் மாறினால் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும், மாறாவிட்டால் வேண்டாம். நல்ல ஏற்பாடு. ஆனால் சீழைக் காட்டும், பட்டையின் கடைசி நிறக் கட்டத்துக்கு இரண்டு நிமிடம் காத்திருக்கச் சொல்லி டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது. சுந்தரதாஸ் டப்பாவைப் படிக்கிற ஆளா? முக்குவார், உதறுவார், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, ஒற்றைக் கண்ணை மூடி, அடகுக்கடைக்காரர் மாதிரி உதட்டைப் பிதுக்கி, இருபதாவது நொடியில் குப்பையில் எறிவார். மைக்ராஸ்கோப், அவர் மனைவி விமலகுமாரி பழைய நைட்டியில் தைத்த உறைக்குள் சுகமாகத் தூங்கும்.

காரோடு என்ற ஊரிலிருந்து காய்ச்சலோடு வந்த புஷ்பபாய்க்கும் அதே இருபது நொடிதான்.

"ஒண்ணும் இல்லக்கா. சுத்தமாக்கும். வெள்ளம் குடிச்சா போரும்."

நாலாம் நாள், மகள் ஜின்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடுங்கியபடி வந்தார் புஷ்பபாய். "காய்ச்சலு நிக்கல்ல சாரே. இடுப்பு வெட்டிப் பிளக்குது. இதாக்குமா ஒங்க சுத்தம்?"

சுந்தரதாஸ் மறுபடி முக்கினார், உதறினார். உதட்டைப் பிதுக்கும் நேரத்தில் போன் அடித்தது. விமலகுமாரி. மீன் சாளையா நெத்தோலியா, புளி உண்டா இல்லையா, வாறப்போ மரச்சீனிக் கிழங்கு வாங்கணுமா என்று பட்டையும் கையுமாகப் பேசி முடித்துத் திரும்பினால், கடைசிக் கட்டம் கத்தரிக்காய் நிறத்தில் நிற்கிறது.

உறையைக் கழற்றி, லென்ஸைத் துடைத்துப் பார்த்தார். கண்ணுக்கு எட்டியவரை சீழ் அணுக்கள்.

"டப்பா பழசாக்கும்," என்றார், ரிப்போர்ட் எழுதிக்கொண்டே.

"அப்போ எங்க அம்மைக்கு நாலு நாளு போனதும் டப்பாவுக்க குத்தமா?" என்றாள் ஜின்சி. ரிப்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு அம்மாவை ஆட்டோவில் ஏற்றினாள். கிட்னிவரை ஏறிவிட்ட கிருமிக்குப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து ஊசி போட்டுத்தான் புஷ்பபாய் பிழைத்தார்.

சுந்தரதாஸ் புது டப்பா வாங்கிவிட்டார். இதையும் படிக்கவில்லை.

சிரிக்கிறீர்களா? நிதானமாகப் படித்தால் இந்தப் பக்கத்துக்கும் இரண்டு நிமிடம் ஆகும். நீங்கள் எத்தனையாவது நொடியில் இங்கே வந்து சேர்ந்தீர்கள்?