சின்மயிக்காகப் பூட்டிய வீடு

சேலையூர்,
சனிக்கிழமை காலை.

சிரஞ்சீவி மாப்பிள்ளை ஷ்யாம்சுந்தருக்கு மாமனார் கஸ்தூரிரங்கன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இவ்விடம் நானும் உங்கள் மாமியார் ஞானாம்பாளும், சில கதவுகளைத் தவிர, க்ஷேமம். நாவலூரில் நீங்களும் ஸ்ம்ருதியும் குழந்தை சின்மயியும் சௌக்கியமாக இருக்கப் பெருமாள் அனுக்கிரகம். போனில் பேசினால் தீருகிற விஷயத்துக்கு இந்த மனுஷன் ஏன் காகிதம் பேனாவோடு உட்கார்ந்தார் என்று நினைப்பீர்கள். போன் டிராயருக்குள் இருக்கிறது. டிராயரில் குழந்தைப் பூட்டு போட்டிருக்கிறேன். அது எனக்குத் திறக்கவில்லை.

போன வாரம் நடந்ததை ஸ்ம்ருதி சொல்லியிருப்பாள். சின்மயி தத்தித் தத்திப் பாத்ரூமுக்குப் போய், நிரம்பிய பக்கெட்டுக்குள் தலையை நீட்டியிருக்கிறாள். ஸ்ம்ருதி பாய்ந்து தூக்கிவிட்டாள். "வீட்ல எங்க பார்த்தாலும் தண்ணி. இவள எப்படிப்பா உங்ககிட்ட விட்டுட்டு ஆபீஸ் போவேன்?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்து பார்ப்பாளாம், சரியில்லை என்றால் குழந்தைக் காப்பகம்தானாம். அன்றைக்கே கடைக்கு ஓடி, குழந்தை கைக்குத் திறக்காத பூட்டுகளாக வாங்கி வந்து டிராயர், அலமாரி, கதவு என்று எல்லாவற்றிலும் மாட்டிவிட்டேன். உங்கள் மாமியாரைத்தான் தெரியுமே, குழாய் எப்போது நிற்குமோ என்ற பயத்திலேயே இந்த ஊரில் குடித்தனம் நடத்தியவள், அண்டா, குடம், குக்கர் வரைக்கும் ரொப்பி வைத்தால்தான் தூக்கம் வரும். அவளே பேத்திக்காகப் பக்கெட்டையெல்லாம் மொட்டை மாடியில் கவிழ்த்துவிட்டாள். பாத்ரூமில் இருக்கிற நீல டிரம்மை மட்டும் "இத மட்டும் விட்டுடுங்கோ" என்று கட்டிக்கொள்ளாத குறை. சரி, போனால் போகிறது என்று அதன் மூடிக்கும் ஒரு பூட்டு.

நேற்றுக் காலை உடம்பெல்லாம் சோப்பைப் போட்டுக்கொண்டு குழாயைத் திருகினால் காற்றுதான் வருகிறது. டிரம்மைத் திறக்கலாம் என்றால் பூட்டு வழுக்குகிறது, கண்ணில் சோப்பு எரிகிறது, பூட்டை எந்தப் பக்கம் அமுக்கினேன் என்பதே மறந்துபோச்சு. உதவிக்கு வந்த உங்கள் மாமியார் ஹாலிலேயே நின்றுவிட்டாள், ஏனென்றால் வழியில் நான் மாட்டிய குழந்தை கேட் அவளுக்குத் திறக்கவில்லை. அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜெயவேலு ஓடி வந்து, வெளியே வெண்டிலேட்டர் பக்கம் ஏறி எட்டிப் பார்த்தார். "இன்னா சார், உள்ள மாட்டிக்கினீங்களா? கண்ண மூடிக்கோங்க" என்று தன் தோட்டத்துப் போர்வெல் ஹோஸை உள்ளே விட்டுப் பீய்ச்சிவிட்டார். மனுஷன் செடிக்குத் தண்ணீர் விடுகிற நிதானத்தில் என்னைக் குளிப்பாட்டினார்.

ஆகையால் மாப்பிள்ளை, நீங்கள்தான் ஸ்ம்ருதியிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் எங்களாலேயே எதையும் திறக்க முடியவில்லை, குழந்தை எங்கே திறக்கப் போகிறாள்? குழந்தை இல்லாத வீட்டில் இத்தனை பூட்டு எதற்கு, சொல்லுங்கள். சாயங்காலம் நாவலூர் வருகிற ஜெயவேலுவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவரிடமே ஒரு ஸ்க்ரூ டிரைவர் கொடுத்துவிடவும். என்னுடையது பூட்டிய அலமாரியில் இருக்கிறது.

தீர்க்காயுசாக, சகல சௌபாக்கியத்தோடு இருக்க ஆசீர்வதிக்கும்,
கஸ்தூரிரங்கன்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். கவரை ஒட்டுவதற்குள் ஸ்ம்ருதி ஒரு நாள் முன்னாலேயே குழந்தையோடு வந்துவிட்டாள். சின்மயி நேராகப் போய் டிரம் பூட்டை ஒரு அமுக்கு, ஒரு இழுப்பு, திறந்து கையும் தட்டினாள். ஸ்ம்ருதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பையை எடுத்தாள். உங்கள் மாமியார்தான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரம்மைச் சாய்த்துவிட்டாள். ஒரு சொம்பு தண்ணீர் வீணானாலே என்னை உண்டு இல்லை என்று பண்ணுகிறவள், அத்தனையும் ஓடி முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். "தண்ணி இல்லாம இருந்துப்பேன்டி. இவ இங்கயே இருக்கட்டும்" என்றாள். ஸ்ம்ருதி பையைக் கீழே வைத்துவிட்டாள். திங்கட்கிழமையிலிருந்து சின்மயி இங்கேதான். டிராயரைத் திறந்து போனை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். குழாயில் இன்னும் காற்றுதான் வருகிறது, இன்றைக்கு எனக்குக் குளியல் கிடையாது. இவ்வளவு சந்தோஷமாக நான் குளிக்காமல் இருந்ததே இல்லை, மாப்பிள்ளை.