போர்வை மூட்டைக்குள் ஒரு பாதயாத்திரை

பயந்த சுபாவம் உள்ளவர்கள் சாமியிடம் நேரடியாகப் பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது. வாய் அவசரத்தில் எதையாவது ஒப்புக்கொள்ளும், அனுபவிப்பது கால்.

என் மகள் யாழினி ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை. “தானா நடக்கும்மா” என்றார் டாக்டர். அவர் முகத்தில் ஒரு தயக்கம் தெரிந்ததாக எனக்குப் பட்டது. (அவருக்கு முகமே அப்படித்தான் என்பது பிறகு தெரிந்தது.) அன்று சாயங்காலமே வேண்டிக்கொண்டேன்: “முருகா, இவளை நடக்க வை. எங்க ஊர் கல்லல்லேர்ந்து பழநி வரைக்கும் ஒரு அடி விடாம நடந்து வர்றேன்.” ஒரு அடி விடாமல் என்று முருகன் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தது.

பத்தாம் நாள் அவள் நடந்துவிட்டாள். நான்தான் இரண்டு வருஷமாக நடக்கவில்லை.

எங்கள் பக்கம் எல்லோரும் தைப்பூசத்துக்குத்தான் நடப்பார்கள். ஆனால் புரட்டாசியில் யாழினி தடுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். கெடு முடிந்துவிட்டதென்று முருகன் சொல்லி அனுப்பியதாகவே எடுத்துக்கொண்டேன். தை வரை பொறுக்க முடியாமல், ஐப்பசி மழையில் சஷ்டிக்குக் கிளம்பிய பதினோரு பேரோடு சேர்ந்துகொண்டேன். குழுவுக்குத் தலைவர் தச்சு வேலை பார்க்கும் சண்முகம் அண்ணன். சாமான் வேனை ஓட்டியது என் கணவர். யாழினி அவரோடு வேனில்.

இரண்டாம் நாள், திருப்பத்தூர் தாண்டி ஒரு டீக்கடையில் நின்றோம். குழந்தை வேனில் தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றி சுடுகிறதா என்று பார்க்க ஏறினேன். சுடவில்லை. என் கை ஈரமாக இருந்ததால் தெரியவில்லையோ என்று கையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்க்க, சீட்டுக்குப் பின்னால் போர்வைகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். இரண்டே நிமிஷம். (முதல் நாள் இரவு முழுக்க, தூங்கிவிட்டால் காலையில் எழுந்திருக்க மாட்டேனோ என்ற கவலையில் நான் தூங்கவே இல்லை.)

விழித்தபோது வேன் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. என் கணவரின் குரல் யாரிடமோ கேட்டது: “பச்சைச் சேலை. ஒல்லியா இருக்கும். எதையோ தொலைச்ச மாதிரி பாத்துக்கிட்டே நடக்கும். பாத்தீகளா?” குரல் உடைந்திருந்தது.

பாவம், யார் காணாமல் போனது என்று நானும் எட்டிப் பார்த்தேன். “யாரைங்க தேடுறீக?”

அவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். அவர் என்னைக் கவனிக்காமலே வேனை அடுத்த தங்கல் வரை ஓட்டியிருக்கிறார். முன்னால் போனவர்கள் நான் பின்னால் வருவதாகவும், பின்னால் வந்தவர்கள் நான் முன்னால் போவதாகவும் நினைத்திருக்கிறார்கள். எல்லோரும் வந்து சேர்ந்தபோது ஒரு ஆள் குறைந்தது. என் போனோ வேனிலேயே சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அவர் குழந்தையை முன் சீட்டில் வைத்துக்கொண்டு, என்னைத் தேடி, என்னையும் ஏற்றிக்கொண்டே திரும்பி வந்திருக்கிறார்.

“போர்வை மூட்டைன்னு நெனச்சுட்டேன்டி.”

அதற்குக் கோபப்படக்கூட எனக்கு நேரமில்லை. “ஒரு அடி விடாமன்னு சொல்லியிருக்கேனே” என்று அழுதேன். டீக்கடைக்கே கொண்டுபோய் விடச் சொன்னேன். அங்கே போனதும் அடுத்த சந்தேகம்: வேன் நின்றது கடைக்கு முன்னாலா, தாண்டியா? எதற்கும் இருக்கட்டும் என்று முந்தின பாலம் வரை போகச் சொன்னேன்.

“முருகன் என்ன டேப்பு வச்சு அளந்துக்கிட்டா உக்காந்திருக்காரு?” என்றார். ஆனால் போனார்.

போனில் சண்முகம் அண்ணன் சிரிக்காமல் பேசினார். “நட தங்கச்சி. சோறு எடுத்து வைக்கிறோம். வேன் பக்கம் மட்டும் போயிறாத.”

மழையில் நான் நடந்தேன். வேன் பின்னாலேயே ஊர்ந்தது. கொஞ்ச தூரத்தில் “நானும்” என்று அடம்பிடித்து யாழினி இறங்கிவிட்டாள். என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, தேங்கிய தண்ணீர் ஒன்றையும் விடாமல் மிதித்து வந்தாள். சளி பிடிக்குமே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. எந்தக் கால் நடக்க வேண்டும் என்று அழுதேனோ, அந்தக் கால் என் மேல் சேறு தெளித்துக்கொண்டிருந்தது.

நான் நொண்டுவதைப் பார்த்து நின்றாள். “கால் வலிக்குதாம்மா? தூக்கிக்கவா?”

பழநிக்குப் போய்ச் சேர்ந்தேன், ஒரு அடி விடாமல். பாலத்துக்கும் டீக்கடைக்கும் நடுவே முருகனுக்கு நான் கூடுதலாகவே நடந்திருக்கிறேன்.

இன்றும் என் கணவர் வண்டி எடுக்குமுன் பின் சீட்டுப் போர்வையைத் தூக்கிப் பார்ப்பார், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும். யாழினிக்கு இப்போது ஆறு வயது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்: “அம்மா வேன்ல தூங்கிருச்சு. நான்தான் கையப் பிடிச்சுப் பழநிக்கு நடத்திக் கூட்டிட்டுப் போனேன்.”

எதையும் இரண்டு தரம் சரிபார்க்கிற நான், அதை மட்டும் இதுவரை திருத்தியதில்லை.