வால்வெட்டி படிக்காத ஒரே பத்திரம்

உலகத்தில் வேறு யாரும் படிக்காததை எல்லாம் படித்த ஒரே மனிதர் எங்கள் வால்வெட்டி. மாத்திரைப் பெட்டிக்குள் எறும்பு எழுத்தில் ஒரு காகிதம் மடித்து வைத்திருப்பார்களே, அதை நீங்களும் நானும் குப்பையில் போடுவோம். அவர் அதைப் படித்து முடித்துவிட்டுத்தான் மாத்திரையைத் தொடுவார். முடிப்பதற்குள் பாதி நாள் காய்ச்சல் தானாகவே இறங்கியிருக்கும். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், சலவைக்கடைச் சீட்டின் அடிக்குறிப்பு, பிஸ்கட் உறையின் ஓரம், எதுவும் அவரிடம் தப்பாது.

எங்கள் ஊர் செட்டிகுளம் மலைக்கோயிலுக்கு ஒருமுறை குடும்பத்தோடு வந்திருந்தார். படிகளில் உபயம் செய்தவர்களின் பெயர் வெட்டியிருக்கும். நாங்கள் எல்லோரும் ஏறி, கும்பிட்டு, பிரசாதமும் தின்று இறங்கி வரும்போது அவர் பாதி மலையில் குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

"காசு குடுத்துப் பேரு வெட்டியிருக்காங்க. ஒருத்தராவது படிக்க வேணாமாம்மா?" என்றார்.

அவர் மேலே போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தார்கள். முருகனுக்கு வெளியிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கதவில் ஒட்டியிருந்த நேர அட்டவணையைப் படித்துவிட்டு வந்தார்.

அவருடைய தொழில் பத்திரம் எழுதுவது. பெரம்பலூரில் பதிவு அலுவலகத்துப் பக்கம் ஒரு சின்னக் கடை. அவரிடம் பத்திரம் எழுதினால் விற்கிறவரும் வாங்குகிறவரும் எதிரெதிரே உட்கார்ந்து, முழுப் பத்திரத்தையும் அவர் வாயால் கேட்க வேண்டும். வடக்கே யார் காடு, தெற்கே யார் கிணறு என்பது வரை ராகம் போட்டு வாசிப்பார். முடிந்ததும் பரீட்சை வேறு உண்டு. ஒருமுறை வாங்க வந்தவர் நடுவில் தூங்கிவிட்டார். எழுப்பி, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். அவர்கள் பார்த்து வைத்திருந்த நல்ல நேரம் போய், ராகு காலம் வந்து, அதுவும் போய்விட்டது. படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. பெற்ற மகனின் கல்யாணப் பதிவில்கூட மருமகளை உட்காரவைத்துப் படிவத்தை வாசித்துக் காட்டியவர். அந்தப் பெண் பயந்துபோய், வேண்டாமென்றால் இப்போதே சொல்லிவிடலாமா என்று கேட்டாளாம்.

நான் அவரோடு பழகியது 'மாடியில மண்ணு' என்ற வாட்ஸ்அப் குழுவில். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்து மாடித்தோட்டக்காரர்களும் அதில் இருக்கிறோம். அரியலூர்க்காரர்கள் வெண்டை இலையில் சிமெண்ட் தூசி படிந்ததைப் படம் எடுத்துப் போட்டு அழுவார்கள். பெரம்பலூர்க்காரர்கள் தண்ணீர் இல்லை என்று அழுவோம். நடுநடுவே யாராவது செடிப் பை, விதை, வேப்பம் புண்ணாக்கு விற்கிற கடையின் லிங்க்கைப் போடுவார்கள். அது இரண்டு வரிக்கு நீளும். உடனே நம்மவர் வருவார்.

அந்த லிங்க்கில் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதெல்லாம் வால் என்பது அவர் கட்சி. எந்தப் போனிலிருந்து வந்தது, யார் அனுப்பி வந்தோம் என்பதெல்லாம் அந்த வாலில் இருக்கிறதாம். நாம் வாங்கினால், அனுப்பியவனுக்குக் கமிஷன் போகிறதாம். "நம்ம வூட்டுக் கதவைத் தொறந்து போட்டுட்டு, போறவன் வர்றவனுக்கு மணி அடிக்கிறோம்" என்பார். கேள்விக்குறியிலிருந்து வெட்டி, மொட்டை லிங்க்கைத் திரும்பப் போட்டு, கீழே 'வால் நீக்கப்பட்டது' என்று எழுதுவார். 'இனிய காலை வணக்கம்' படத்தில் மயில் இருந்தால்கூட அவர் பார்வை தோகைக்குத்தான் போகும் என்று கிண்டல் செய்வோம். வால்வெட்டி என்று பேர் வைத்தது யாரோ, அவருக்கு அதில் பெருமைதான்.

பிறகு அவருக்குக் கண்புரை அறுவை நடந்தது. போனைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழுவில் வால்கள் வளர்ந்துகொண்டே போயின. கறுப்புக் கண்ணாடியோடு வீட்டில் படுத்திருந்தவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. குழுவில் வருவதை மகனைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார் போல. தானாகவே வால் வெட்டுகிற ஒரு செயலி இருப்பது தெரியவந்தது. லிங்க்கை அதில் போட்டால் மொட்டையாக்கித் தரும். குழுவில் குரல் பதிவு அனுப்பினார். என் கண்ணு சரியாகுற வரைக்கும் இதை எல்லாரும் போட்டுக்குங்க, நானே போட்டுட்டேன், நம்பி இறங்குங்க என்றார். வால்வெட்டி சொன்னால் அப்புறம் என்ன? அவர் அனுப்பிய அழைப்பை அழுத்தி எல்லோரும் இறக்கினோம். ஊர் எது என்று கேட்டது, காட்டினோம். 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பொத்தான் வந்தது, அழுத்தினோம்.

கொஞ்ச நாளில் எங்கள் எல்லோர் போனிலும் அந்தச் செயலியிலிருந்து சின்னச் சின்னதாக அறிவிப்பு வர ஆரம்பித்தது. 'ஆண்டிமடத்தில் ஒருவர் இப்போது முழங்கால் பட்டை வாங்குகிறார்.' 'ஜயங்கொண்டத்தில் ஒருவர் இப்போது தலைச்சாயம் பார்க்கிறார்.' ஆண்டிமடத்தில் எங்கள் குழுவுக்கு இருப்பதே ஒரே ஆள்தான், குழுவின் அட்மின், முந்திரித் தோப்புக்காரர். உடனே குழுவில் எல்லோரும் அவர் முழங்காலை விசாரித்தோம். அவரும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். நல்ல பொழுதுபோக்காக இருந்தது.

அடுத்தது என் முறை. 'செட்டிகுளத்தில் ஒருவர் இப்போது குறட்டைத் தடுப்புக் கிளிப் (பெண்களுக்கு, ரோஸ் கலர்) வாங்குகிறார்.'

செட்டிகுளத்தில் குழுவுக்கு ஒரே ஆள் நான். இதே பத்திரிகையில் என் வீட்டுக்காரரின் குறட்டையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, நீங்களெல்லாம் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். மனிதர் அன்று அந்த அறிவிப்பைப் பார்த்தார். அந்தப் பழைய பத்திரிகையைத் தேடி எடுத்து, என் காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அது சிரித்துத் தொலைக்கிற வெட்கம். அடுத்து வந்ததுதான் இன்றைக்கும் தலை நிமிர விடாதது.

'திருமழபாடியில் ஒருவர் இப்போது கர்ப்பப் பரிசோதனை கிட் வாங்குகிறார்.'

திருமழபாடியிலிருந்து குழுவில் இரண்டு பேர். கோமதியும் அவள் மாமியாரும். கொள்ளிடக் கரையில் வீடு. மாமியார் புடலை போட்டால் பக்கத்துத் தெரு வரை காய்க்கும். கோமதிக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன, குழந்தை இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். அறிவிப்பு வந்த சூட்டோடு குழுவில் வாழ்த்து கொட்டியது. பூங்கொத்து, தொட்டில், குட்டிக் காலுறை. குத்தாட்டம் போடும் பாப்பா ஸ்டிக்கர் ஒன்று நானும் போட்டேன். யார் முதலில் ஆரம்பித்தது என்று மேலே போய்ப் பார்த்தால் தெரியும். இன்றுவரை நான் மேலே போய்ப் பார்க்கவில்லை.

மாமியார் எங்கள் வாழ்த்தைப் பார்த்துத்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டார். பூரித்துப்போய் அக்கம்பக்கத்துக்கெல்லாம் சர்க்கரை கொடுத்துவிட்டார். மறுநாள் குழுவில் அட்மினிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. 'கோமதி வெளியேறினார்.' கொஞ்ச நேரம் கழித்து மாமியார் எனக்குப் போன் செய்தார். "ஒண்ணும் இல்லியாம்மா. ஒத்தக் கோடுதான் வந்துச்சாம். நான் ஊரெல்லாம் சொல்லிப்புட்டேன்" என்றார். புடலைக்கு உரம் வைத்தீர்களா என்று கேட்டேன். வாயில் அதுதான் வந்தது.

இதற்குள் வால்வெட்டிக்குக் கண் தெளிந்திருந்தது. முதல் காரியமாக அந்தச் செயலி தந்த ஒரு மொட்டை லிங்க்கை எடுத்துப் பார்த்தார். அது மொட்டை இல்லை. கடைக்காரன் வாலை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் செயலி தன்னுடைய குட்டி வாலை ஒட்டியிருந்தது. நாங்கள் வாங்கியதற்கெல்லாம் கமிஷன் அந்தச் செயலிக்காரனுக்கு. பிறகு உட்கார்ந்து அதன் நிபந்தனைகளை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். லிங்க்கில் எங்கள் குறியீட்டைச் சேர்ப்போம், உங்கள் ஊரைச் சொல்லி மற்றவர்களுக்கு அறிவிப்போம் என்று ஒளிக்காமல் எழுதி வைத்திருந்தார்கள். ஊர் மொத்தத்துக்கும் பத்திரம் படித்துக் காட்டுகிற மனிதர், கண் தெரியாத நேரத்தில், வாசிக்கச் சொல்லிக் கேட்காமலே ஒப்புக்கொண்டிருந்தார்.

குழுவில் அதை அப்படியே எழுதினார். ஒரு சால்ஜாப்பும் சொல்லவில்லை, கண் அறுவையைக்கூடச் சொல்லவில்லை. உடனே சண்டை பிடித்துக்கொண்டது. நமக்கு விலை ஒன்றுதானே, கமிஷன் எவன் தின்றால் என்ன என்றார்கள் சிலர். எங்களைக் கேட்காமல் எங்கள் பேரில் எவனோ வாழ்வதா என்றார்கள் சிலர். எல்லாவற்றுக்கும் வால்வெட்டிதான் காரணம், கமிஷனில் அவருக்கும் பங்கு இருக்கும் என்று ஒருவர் எழுதினார். பாப்பா ஸ்டிக்கர் போட்டவர்கள்தான் அதிகம் கொதித்தோம்.

மறுநாள் வால்வெட்டி என்னைக் கூப்பிட்டார். திருமழபாடிக்குப் போக வேண்டும், ஆம்பளையாகத் தனியாகப் போய் நின்று இதைப் பேசுவது முறையில்லை, நீ கூட வாம்மா என்றார்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் சந்தித்து ஏறினோம். முன்னாலும் பின்னாலும் சிமெண்ட் லாரிகள். கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டை வாங்கி, பார்க்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அவர் ஒன்றைப் படிக்காமல் விட்டதை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். படிக்கட்டும் என்று என்னுடைய இலவச டிக்கெட்டையும் நீட்டிப் பார்த்தேன். அதையும் அப்படியே பையில் போட்டுக்கொண்டார்.

கோமதி வாசலில் வெங்காயத் தாளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் எங்களைக் கண்டதும் உள்ளே போய் டீ கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு நாற்காலி போட்டார்கள், உட்கார்ந்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். டீயையும் தொடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, பத்திரம் வாசிக்கும் அதே ராகத்தில் ஆரம்பித்தார்.

"பெரம்பலூர் டவுனில் வசிக்கும் பத்திர எழுத்தராகிய நான், திருமழபாடி கிராமத்தில் வசிக்கும் கோமதியாகிய தங்களுக்கு, நல்ல புத்தியோடும் சுய நினைவோடும், பிறர் தூண்டுதலின்றி, மனப்பூர்வமாகச் சொல்லிக்கொள்வது என்னவென்றால்..."

வேறு சமயமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். அவருக்கு வேறு பாஷை வரவில்லை, அவ்வளவுதான். என்னவென்றால், என்னவென்றால் என்று அங்கேயே நின்றுவிட்டார். வாழ்நாளெல்லாம் அந்த வார்த்தைக்கு அப்புறம் நில்லாமல் வாசித்தவருக்கு அதற்கு மேல் ஒரு சொல் கிடைக்கவில்லை.

கோமதி தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தாள்.

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதாண்ணே உங்க ஆப்புல போட்டு வாங்குனேன்" என்றாள். பிறகு, "சரி விடுங்க. தெரியாம செஞ்சீங்க. மொதல்ல உக்காருங்க" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. டம்ளரை எடுத்து வாயில் வைத்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள். கோபமே இல்லாத குரல்.

"அது 'ஒருவர்'னுதானக்கா சொல்லுச்சு. கோமதின்னு சொன்னது நீங்கதானே."

டம்ளரைக் கீழே வைத்தேன். ஆயிரம் விஷயம் எழுதிச் சம்பாதிக்கிறவள்தான். மன்னித்துக்கொள் என்றுகூட அன்று சொல்லவில்லை நான். வால்வெட்டியாவது 'என்னவென்றால்' வரைக்கும் போனார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார், நான் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தக் கிளிப்பை வாங்கியதற்கு ஆண்டவன் என்னை ஊர் முழுக்க இன்னொரு தரம் அறிவித்தாலும் தேவலை என்றிருந்தது.

அதற்கப்புறம் அவர் இரண்டு மாவட்டத்திலும் வீடு வீடாகப் போய், எங்கள் ஒவ்வொருவர் போனிலிருந்தும் தன் கையாலேயே அந்தச் செயலியை எடுத்துவிட்டு வந்தார். ஆண்டிமடத்தில் முந்திரி கொடுத்தார்களாம், வாங்கிக்கொள்ளவில்லை. குழுவிலிருந்து வெளியே போகவுமில்லை, வால் வெட்டவுமில்லை. லிங்க்குகள் அதுபாட்டுக்கு வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தன. பழகிப்போய், அவர் வந்து வெட்டுவார் என்று காத்திருந்து பார்ப்போம். வர மாட்டார். வெட்டுங்களேன் அண்ணே என்று கேட்க எங்களுக்கும் முகம் இல்லை.

போன மாதம் அட்மின் கோமதியைக் கேட்டு, அவள் சரி என்ற பிறகு மறுபடி குழுவில் சேர்த்தார். வந்தவள் பல நாள் ஒன்றும் எழுதவில்லை. ஒரு நாள் காலையில் கத்தரி விதைக்கு ஒரு லிங்க் போட்டாள். கொள்ளிடம் பாலம் நீளத்துக்கு அதற்கு வால். கீழே எழுதியிருந்தாள்: 'அண்ணே, வாலு தொங்குது பாருங்க.'

அவர் பார்க்கிறார் என்பதற்கு அடையாளமாக அவர் பேருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று விழுந்தது. பதில் வரவில்லை. அடுப்பில் சோறு குழைந்துகொண்டிருந்தது, நான் போனை விட்டு நகரவில்லை. என் வீட்டுக்காரர் வந்து என்ன என்று கேட்டார். படிக்கிறார் என்றேன்.

வெகுநேரம் கழித்து மொட்டை லிங்க் வந்தது. கீழே ஒரு வரி.

'முழுவதும் படித்துப் பார்த்தேன் அம்மா. வில்லங்கம் ஏதும் இல்லை.'

என் கட்டைவிரல் பழக்க தோஷத்தில் பூங்கொத்து வரைக்கும் போய்விட்டு, தொடாமல் திரும்பியது. எனக்குக் கத்தரிக்காய் ஆகாது, தின்றால் உடம்பெல்லாம் அரிக்கும். இருந்தாலும் அவர் வெட்டிக் கொடுத்த லிங்க் வழியாகவே போய், ஒரு பாக்கெட் விதை வாங்கினேன்.