ரேடியேற்றருக்குக் காற்றுப் பிடுங்கிய நாள்

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சாமானைக் கழற்றிப் பார்க்காமல் சும்மா இருக்கக்கூடிய ஆண்பிள்ளைகள் உலகத்தில் இருக்கிறார்களாம். அந்தப் பாக்கியம் எனக்கு வாய்க்கவில்லை. (என் மனைவி சுபாவுக்கும்தான்.)

இத்தாலியில், பலேர்மோ நகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பல்கனியில் ஒரு கிழட்டு பொயிலர் தொங்கியது. வாயுவில் தண்ணீரைச் சூடாக்கி அறைகளில் உள்ள ரேடியேற்றர்களுக்கு அனுப்புவது அதன் வேலை. இருமும், விக்கும், வீட்டை அரைகுறையாகச் சூடாக்கிவிட்டுப் படுத்துவிடும். புதுசு போட மனமில்லாத வீட்டுக்கார அம்மா, எங்கள் வாயில் சிஞ்ஞோரா, பேசாமல் வீட்டையே விற்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். எங்கள் வாடகை ஒப்பந்தமோ முடியப் போகிறது. வீடு இல்லையென்றால் முகவரி இல்லை. முகவரி இல்லையென்றால் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. அப்புறம் இந்த நாட்டில் நாங்கள் எப்படி இருப்பது?

ஞாயிறு பின்னேரம் வந்து முடிவு சொல்கிறேன் என்றார் சிஞ்ஞோரா. சுபா உடனே அவரைத் தோசைக்கு அழைத்துவிட்டாள். வயிறு நிறைந்தவர் யாரையும் வீட்டைவிட்டு எழுப்பமாட்டார் என்பது அவளுடைய கணக்கு.

என் கணக்கு வேறு. பழைய பொயிலரைக் குறைந்த வாயுவில் ஓட்டுவது எப்படி என்று யூடியூபில் ஒரு தாடிக்காரர் விளக்கியிருந்தார். ரேடியேற்றருக்குள் காற்று அடைத்துக்கொண்டால் அதன் மேற்பக்கம் சூடாகாது. ஓரத்துத் திருகைத் திறந்து காற்றை வெளியே விட்டால் பொயிலர் பாதி உழைத்தாலே போதும். நான் ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டு ரேடியேற்றர் எல்லாவற்றுக்கும் மேற்பக்கம் வெதுவெதுப்புத்தான்!

ஞாயிறு காலை சுபா ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக்கடைக்கு வேலைக்குப் புறப்பட்டாள்.

"இஞ்சாருங்கோ, நான் வருமட்டும் ஒண்டிலயும் கை வையாதேங்கோ," என்றாள்.

"ஓம் ஓம்," என்றேன். அவள் படியிறங்கும் சத்தம் அடங்குவதற்குள் முதல் திருகைத் திறந்துவிட்டேன்.

உஸ்ஸென்று காற்று சீறியது. கடைசியில் கறுப்புத் தண்ணீர் முகத்தில் அடித்தது. அதுவும் ஆனந்தமாகவே இருந்தது. பொயிலரில் குறைந்த தண்ணீரைத் திரும்ப நிரப்பினேன். கொஞ்ச நேரத்தில் எல்லா ரேடியேற்றரும் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை கொதித்தன. நடுக்குளிர்காலத்தில் பெனியனோடு நின்று ஆடினேன்.

ஒன்றை மட்டும் நான் கவனிக்கவில்லை. குளிரில் தோசைமா புளிக்காது. அதனால் சுபா மாச்சட்டியைத் துவாயால் சுற்றி, ஹோலில் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்த ரேடியேற்றரின் மேல் வைப்பாள்; அன்றும் வைத்திருந்தாள். அந்த வெதுவெதுப்பு அதற்குச் சரியாக இருந்தது. (சத்தியமாக, காயப்போட்ட துவாய் என்றுதான் நினைத்தேன்.)

பின்னேரம் சிஞ்ஞோரா வந்து, திரைச்சீலைக்குப் பக்கத்து சோபாவில் தன் மென்மயிர்க் கோட்டை விரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். வேலையால் வந்த சுபா குசினிக்குள் தோசைக்கல்லைக் காயவைத்தாள். நான் கையும் காலும் கலந்த இத்தாலிய மொழியில் பொயிலர் விஞ்ஞானம் விளக்கினேன். காற்று, தண்ணீர், மிச்சமாகும் வாயு! அப்போது புளித்த வாசம் வந்தது. பிறகு தீய்ந்த வாசம். திரைச்சீலையின் ஓரத்தால் வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது. ஒரு பெரிய கட்டி தொப்பென்று கோட்டின் தோளில் விழுந்தது.

வாசலில் அகப்பையோடு நின்ற சுபா, "மா பொங்கிட்டுது," என்றாள், மிக மெதுவாக.

மூட்டை முடிச்சுகளோடு நாங்கள் தெருவில் நிற்பது கண்ணுக்குள் தெரிந்தது. சிஞ்ஞோரா எழுந்து திரைச்சீலையை விலக்கினார். ரேடியேற்றரின் இடுக்குகளில் தோசை வெந்தபடி இருந்தது. இதை இங்கே வைத்தது யார் என்று கேட்டார். சுபா என்னைக் காட்டினாள். நான் சுபாவைக் காட்டினேன்.

சிஞ்ஞோரா சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தார். கலியாணமான புதிதில் அவரும் இதே ரேடியேற்றரில்தான் ஸ்ஃபிஞ்சோனே ரொட்டிக்கு மாவைப் பொங்க வைத்தாராம். சட்டென்று சிரிப்பை நிறுத்தி, ரேடியேற்றரின் உச்சியில் கையை வைத்து உதறினார்.

"இது மேலே ஒருநாளும் சுட்டதில்லையே. என்ன செய்தாய்?"

விளக்கத்துக்குக் காத்திராமல் இடுக்கிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்துத் தின்றார். உப்புக் காணாது என்றார். (உண்மைதான். சுபா இன்னும் உப்புப் போட்டிருக்கவில்லை.)

புதுப் பொயிலர் தேவையில்லை என்று கண்டதும் அன்றே ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சம்மதித்தார். கோட்டை நான் சலவைக்குக் கொடுக்க வேண்டும், அவர் வீட்டு ரேடியேற்றர்களுக்கும் காற்றெடுக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கிருந்து பக்கத்து ஊரான பகேரியாவில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கும் என்னை அனுப்பினார். இன்றைக்கும் குளிர் தொடங்கினால் போதும், அந்தக் குடும்பத்தில் யாராவது தொலைபேசியில் என்னைத் தேடுவார்கள்.

வீட்டில் இப்போது நான் எதையாவது திருத்தப் போகிறேன் என்று எழும்பினால் யாரும் தடுப்பதில்லை. சுபா மாச்சட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள்.