தள்ளிநில்லு அண்ணாச்சியின் சுண்டுவிரல்

பம்பாயில் கேமரா பிடித்த அத்தனை பேரிலும், எதிரே வந்து நிற்பவர்களை விட வராதவர்களுக்காக அதிகம் கவலைப்பட்டவர் தள்ளிநில்லு அண்ணாச்சி ஒருவர்தான். வேறு ஆள் இருந்தால் கூட்டி வாருங்கள், என் வாயை மூடிக்கொள்கிறேன்.

எண்பதுகளில் தாராவியில் ஒரு சந்துக்குள் இருந்தது அவருடைய ஸ்டூடியோ. குடும்பத்தை வரிசையாக நிறுத்துவார். கேமராவில் ஒரு கண்ணை வைப்பார், எடுப்பார், "இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லும்வே" என்பார். நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விழும் வரை விடமாட்டார்.

"எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு எடம்?"

"மஸ்கட்டுல இருக்கவன் எங்க நிப்பான்? உம்ம தலையிலயா?"

அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருத்தராவது வளைகுடாவில் இருந்தார்கள். அவர்கள் தங்கள் படத்தை ஸ்டூடியோ விலாசத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அண்ணாச்சி அதைப் பிளேடால் வெட்டி, காலி இடத்தில் ஒட்டி, பிரஷ்ஷால் தடவி, மறுபடி படம் எடுத்து, முழுக் குடும்பமாகச் சட்டம் போட்டுக் கொடுப்பார். இது ஊரறிந்த விஷயம். கோட்டைப் பகுதி ஆபீஸ் ஒன்றில் நான் டைப்பிஸ்ட் என்பதால் கடிதம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "முகத்தை இடப்பக்கம் திருப்பவும். சிரிக்க வேண்டாம். இங்கே உமது தாயார் சிரிக்கவில்லை" என்று அவர் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறேன்.

ஒருமுறை சுப்பம்மாக்காவின் மகன் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தான். அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரே அழுகை. "படத்துல நல்லா தொப்பையும் தொந்தியுமா நின்னியேல, இப்ப என்ன கொத்தவரங்கா கணக்கா வந்திருக்க? சோறு போடலியா அவனுவ?" விஷயம் கேள்விப்பட்டு அண்ணாச்சி ஓடி வந்தார். "பாலைவனத்து வெயில்லாக்கா, வத்தத்தான் செய்யும்" என்று சொன்னவர், அந்தப் பையனுக்கு முன்னால் தன் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார். அது ஏன் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

எங்கள் ஆபீசுக்கு மேல் மாடியில் ஒரு புகைப்படக் காட்சிக்கூடம் இருந்தது. அதை நடத்திய மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். தாராவி ஸ்டூடியோ படங்களைக் காட்சிக்கு வைக்க விரும்புவதாகச் சொன்னார். நான் அவரைக் கூட்டிப்போனேன். அண்ணாச்சிக்கு ஹிந்தி சரளம். ஆனாலும், "கலையப் பத்தின்னா எனக்குத் தமிழ்லதான்வே வரும்" என்று என்னை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைத்துவிட்டார்.

"உங்கள் படங்களில் ஒருவரும் சிரிப்பதில்லை. அது இந்த நகரத்தின் துயரமா?" என்று மேடம் கேட்டார்.

"சிரிச்சா கன்னம் ஏறிரும். ஒட்டுத தலையோட அளவு பொருந்தாதுன்னு சொல்லும்."

நான் என் பங்குக்கு, "துயரத்தை அளந்து வைக்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மேடம் பரவசமாக எழுதிக்கொண்டார். முப்பது படங்களைத் தேர்ந்தெடுத்துப் பிரதி எடுத்துத் தரச் சொன்னார்.

அடுத்த வாரம் காட்சிக்கூடத்தில் முப்பதையும் நீள மேசையில் பரப்பி வைத்திருந்தார். நாங்கள் உள்ளே போனதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இந்த ஆள் யார்?"

மஸ்கட் மகன், துபாய்த் தம்பி, குவைத் கணவன் என்று வரிசையாக விரலை வைத்துக்கொண்டே போனார். தலைகள் வேறு வேறு. தலைக்குக் கீழே அதே தொப்பை. கை தெரிந்த படத்திலெல்லாம் கோணிப்போன அதே வலது சுண்டுவிரல். ஸ்டூடியோ ஷட்டர் நசுக்கிய அந்த விரலைத் தாராவியில் தெரியாதவர் கிடையாது. நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் கையைச் சட்டென்று பாக்கெட்டுக்குள் விட்டார்.

"எல்லாவனும் பாஸ்போர்ட் சைசுல தலைய மட்டும் அனுப்பி வைக்கான். உடம்புக்கு நான் எங்கவே போவேன்? எல்லாரும் போனப்பறம் கோட்டு ஒண்ண மாட்டிக்கிட்டு, டைமர முறுக்கிவிட்டு நானே ஓடிப் போயி நின்னேன்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "வெளிய தெரிஞ்சா ஒருத்தன் என் ஸ்டூடியோ வாசப்படி மிதிக்க மாட்டான். அந்தம்மாகிட்ட சொல்லும்."

இந்த முறை உள்ளது உள்ளபடி சொன்னேன். மேடம் சில படங்களைத் தனியே நகர்த்தி, "இவற்றில் மட்டும் கை ஏன் பாக்கெட்டில் இருக்கிறது?" என்றார்.

அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. "அதெல்லாம் புருசன்மாரு. பக்கத்துல நிக்கது அடுத்த வீட்டுப் பொம்பளல்லா? அங்க நம்ம கை பாக்கெட்டுலதான் இருக்கணும். தம்பின்னா கையக் கட்டிக்கிடுவேன். மகன்னா மட்டுந்தான் தாயாரு தோள்ல. ஒரு ஒழுங்கு வேண்டாமா?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு" என்றார். அன்று கிளம்பும்போது மேசையிலிருந்த ஒரு பிரதியை நான் கமுக்கமாக எடுத்து என் டிபன் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி இரண்டு நாள் ஸ்டூடியோவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் வந்து, "கலைஞர்னு பெரிய எழுத்துல பேரு போடுவாவளா?" என்றார். போடுவார்கள் என்றேன். "அப்ப மாட்டச் சொல்லும். நம்ம சனம் மூஞ்சியத்தான பாக்கும், விரலையா பாக்கப் போவுது?"

காட்சி தொடங்கிய அன்று நம்ம சனம் சயானில் ரயில் ஏறி, வி.டி. ஸ்டேஷனில் இறங்கி, எலுமிச்சம் சாதம் கட்டிக்கொண்டு கூட்டமாக வந்து சேர்ந்தது. அண்ணாச்சி கதவோரமாக, இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நின்றார். சுப்பம்மாக்கா தன் வீட்டுப் படத்தைப் பார்த்தார். பக்கத்துப் படத்தைப் பார்த்தார். மறுபடி தன் படத்துக்கே வந்தார். பிறகு நேராகக் கதவோரம் போனார்.

"அண்ணாச்சி, கைய வெளிய எடும்."

"எதுக்குக்கா?"

"எடும்ங்கேன்."

எடுத்தார். கூடமே அந்தச் சுண்டுவிரலைப் பார்த்தது. ஸ்டூடியோவுக்கு அன்றோடு பூட்டுதான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

"நாலு வருசமா என் வீட்டுச் செவத்துல மகனா நின்னிருக்கீரு. ஒரு வா காப்பி குடுக்கலியேய்யா நான்" என்றார் சுப்பம்மாக்கா. முந்தானையால் மூக்கைச் சிந்திவிட்டு, "எம்மவன் மறுபடி வார வரைக்கும் நீரே நில்லும்" என்றார்.

குவைத்காரரின் மனைவி ஒரு படத்தை எட்டிப் பார்த்து, "எம்படத்துல கையப் பாக்கெட்டுல வச்சிருக்கீரு, நல்லதாப் போச்சு" என்றதும் கூடமே சிரித்தது. அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

நான் டிபன் பையில் ஒளித்த படம் இப்போது நவி மும்பையில் கோபர்கைரனே வீட்டில் என் சுவரில் இருக்கிறது. அம்மாவும் தங்கையும் ஊரிலிருந்து பத்து நாள் வந்திருந்தபோது எடுத்தது. ஆபீசில் எனக்கு ஒரு நாள்கூட லீவு கிடைக்கவில்லை. அவசரத்துக்கு ஒரு பாஸ்போர்ட் சைஸ் படத்தைக் கொடுத்துவிட்டு, வந்த படத்தில் கோட்டு எனக்கு எடுப்பாக இருப்பதாக வேறு பெருமைப்பட்டேன். அம்மா இப்போது இல்லை. நான் அன்றைக்கு வைக்க மறந்த கையை அவள் தோளில் எனக்காக வைத்துக்கொண்டு, அந்தக் கோணல் சுண்டுவிரலோடு அண்ணாச்சி இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்.